எரிமலைத் தீவுகள், கப்பல் குறிப்பேடுகள்: உங்கள் கேள்விகள்

போன இதழில் பிட்கேர்ன் தீவைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். பசிபிக் நடுவே எரிமலை எழுப்பிய ஒரு பாறை, 5 சதுர கிலோமீட்டர்கூட இல்லை, ‘பவுண்டி’ கப்பலில் கலகம் செய்த மாலுமிகள் கப்பலைக் கொளுத்திவிட்டு ஒளிந்துகொண்ட இடம். ஆங்கிலேயர் 1767-இலேயே பார்த்துக் குறித்திருந்தும், அப்புறம் வந்தவர்களால் கண்டுபிடிக்க முடியாத தீவு. அவ்வளவுதான் அதில் இருந்தது. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: எங்கள் வீட்டு வாசலில் தாத்தா காலத்துக் கிறிஸ்துமஸ் மரம் ஒன்று நிற்கிறது. இது நார்ஃபோக் தீவு மரம் என்கிறார் நர்சரிக்காரர். நீங்கள் எழுதும் பசிபிக் தீவுகளுக்கும் இதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா அக்கா?
– வாசகி, குன்னூர்

ப: நிறையவே உண்டும்மா. நார்ஃபோக் தீவும் எரிமலைத் தீவுதான், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் தனியாக நிற்கிறது, பரப்பு 35 சதுர கிலோமீட்டர். 1774 அக்டோபர் 10-ஆம் தேதி கேப்டன் குக்கின் ‘ரெசல்யூஷன்’ அங்கே போய்ச் சேர்ந்தது. குக் கரையில் இருந்தது சில மணி நேரம்தான். அதற்குள் அவர் கண்ணில் பட்டது இந்த மரம்: நேராக, கோணாமல், 50 மீட்டர் உயரம் வரை போகும் மரம். மாலுமி கண்ணுக்கு அது மரமாகவா தெரியும், பாய்மரக் கம்பமாகத்தான் தெரியும். அதைத்தான் குறித்துவைத்தார். தீவுக்கு நார்ஃபோக் சீமாட்டியின் பெயரை வைத்தார். அந்த அம்மா முந்தைய வருஷமே இறந்துபோயிருந்தார், கப்பலில் இருந்தவருக்கு அது தெரிய வழியில்லை.

குக்கின் அந்தக் குறிப்பை நம்பித்தான் ஆங்கிலேயர்கள் 1788 மார்ச்சில் அங்கே ஆட்களை இறக்கினார்கள். வெட்டிப் பார்த்தபோது பெரிய கம்பத்துக்கு அந்த மரம் தேறவில்லை. ஆனால் விதை உலகம் முழுக்கப் போயிற்று, உங்கள் தாத்தா வீட்டு வாசல் வரை. இன்னொன்றும் கேளுங்கள். பிட்கேர்னில் இடமும் தண்ணீரும் போதாமல்போய், அங்கிருந்த 194 பேரையும் 1856-இல் கொண்டுபோய்க் குடியேற்றியது இதே நார்ஃபோக் தீவில்தான். சிலர் ஊர் நினைவு தாங்காமல் சில வருஷத்தில் பிட்கேர்னுக்கே திரும்பிவிட்டார்கள். பவுண்டி மாலுமிகளின் வாரிசுகள் இன்றும் இரண்டு தீவிலும் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை: நம் மலையில் இந்த வகை மரங்களை அரக்கேரியா என்று விற்பதில் நியூ கலிடோனியாவிலிருந்து வந்த குக் பைனும் கலந்திருக்கும். அது ஒல்லியாக உயர்ந்து ஒரு பக்கம் சாயும், பூமத்திய ரேகை இருக்கும் திசையில், அதாவது நம் ஊரில் தெற்கே. உங்கள் மரம் தெற்குப் பக்கம் சாய்ந்திருந்தால் நர்சரிக்காரரிடம் மறுபடி கேளுங்கள்.

கே: 1767-இலேயே ஆங்கிலேயர் பார்த்துக் குறித்துவைத்த பிட்கேர்ன் தீவை அப்புறம் வந்தவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறீர்கள். குறித்த இடத்துக்குப் போனால் தீவு இருக்க வேண்டியதுதானே? இது எப்படி?
– ஓய்வுபெற்ற நில அளவையர், கோத்தகிரி

ப: ஐயா, குறித்த இடமே தப்பு. அது எப்படித் தப்பிப்போனது என்று உங்களுக்குச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி, ஏனென்றால் இது உங்கள் தொழில்.

‘ஸ்வாலோ’ என்ற பழைய கப்பல், அதன் கேப்டன் பிலிப் கார்டரெட். கூட வந்த ‘டால்ஃபின்’ மகெல்லன் நீரிணையைத் தாண்டும்போது பிரிந்து போய்விட்டது. தனியாக வந்துகொண்டிருந்த ஸ்வாலோவிலிருந்து 1767 ஜூலை 2 அன்று ராபர்ட் பிட்கேர்ன் என்ற 15 வயதுப் பையன் கரையைப் பார்த்தான். அவன் பெயரையே தீவுக்கு வைத்தார்கள். அலை பயங்கரமாக மோதியதால் இறங்க முடியவில்லை. அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

அட்சரேகை சுலபம். உச்சி வேளையில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தால் போதும். தீர்க்கரேகைக்கு நேரம் வேண்டும். பூமி 4 நிமிஷத்தில் 1 டிகிரி சுற்றுகிறது. நம் ஊர்க் கணக்கே பார்ப்போமே: சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து சுமார் 14 நிமிஷம் கழித்துத்தான் ஊட்டியில் உச்சி வேளை, ஏனென்றால் ஊட்டி மூன்றரை டிகிரி மேற்கே இருக்கிறது. சென்னை நேரத்தைப் பிசகாமல் காட்டும் ஒரு கடிகாரத்தை ஊட்டிக்குக் கொண்டுவந்தால் அந்த 14 நிமிஷ வித்தியாசத்தை வைத்தே நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்லிவிடலாம். கடலில் மாதக்கணக்காக ஆடி அசைந்தும் பிசகாத அப்படிப்பட்ட கடிகாரம் கார்டரெட்டிடம் இல்லை. அவரிடம் இருந்தது முடிச்சுப் போட்ட ஒரு கயிறும் 28 விநாடி மணல் குடுவையும். கயிற்றின் நுனியில் பலகையைக் கட்டிக் கடலில் வீசுவார்கள், மணல் இறங்கி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டி ஓடுகிறது என்று எண்ணுவார்கள், அதுதான் கப்பலின் வேகம். அந்த வேகத்தைப் போன மணி நேரத்தோடு பெருக்கி, திசையைச் சேர்த்து, இத்தனை தூரம் வந்திருக்கிறோம் என்று போட்டுக்கொள்வார்கள். அடியில் நீரோட்டம் கப்பலை இழுத்துக்கொண்டு போனால் இந்தக் கயிற்றுக்குத் தெரியாது. பலகையும் கப்பலும் சேர்ந்தே நகர்ந்துகொண்டிருக்கும்.

இப்படித்தான் பிழை சேர்ந்து சேர்ந்து, கார்டரெட்டின் தீர்க்கரேகை 3 டிகிரிக்கு மேல் தவறியது. நேரமாகச் சொன்னால் சுமார் 13 நிமிஷம், தூரமாகச் சொன்னால் 300 கிலோமீட்டருக்கு மேல். 1773-இல் குக் அந்தப் பக்கம் போனார், தீவைப் பார்க்கவில்லை. கார்டரெட்டின் பயணக் குறிப்பு அதே 1773-இல் அச்சாகி வந்தது. பவுண்டியில் கலகத் தலைவன் ஃபிளெச்சர் கிறிஸ்டியன் தேடியது அந்தக் குறிப்பில் இருந்த தீவைத்தான். 1790 ஜனவரியில் கண்டுபிடித்துவிட்டான். வரைபடத்தில் தப்பான இடத்தில் இருக்கிற தீவைவிட ஒளிந்துகொள்ள நல்ல இடம் எது? அடுத்த கப்பல் வந்து அவர்களைப் பார்க்க 18 வருஷம் ஆயிற்று.

பவுண்டியில் நல்ல கடிகாரம் ஒன்று இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். லார்கம் கெண்டல் செய்தது, கே2 என்று பெயர். கப்பல் எரிந்தாலும் கடிகாரம் பிழைத்தது. 1808-இல் வந்த அமெரிக்கக் கப்பல்காரருக்கு அதைக் கொடுத்தார்கள், வான் ஃபெர்னாண்டஸ் தீவில் ஸ்பானிய ஆளுநர் அதைப் பிடுங்கிக்கொண்டார், தென் அமெரிக்காவில் பல கை மாறி 1840-இல் இங்கிலாந்துக்குத் திரும்பியது. இப்போது கிரீனிச்சில் இருக்கிறது.

கே: பிட்கேர்னில் கிறிஸ்டியன் எப்படி இறந்தான் என்று தேடினால் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. எதை நம்புவது?
– கல்லூரி மாணவர், உதகை

ப: தம்பி, இந்தப் பகுதிக்கு வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1808 பிப்ரவரியில் ‘டோபாஸ்’ என்ற அமெரிக்கக் கப்பல் சீல் தோலுக்காக அந்தப் பக்கம் வந்தது. யாருமில்லாத தீவு என்று நினைத்த இடத்திலிருந்து ஒரு படகு வந்தது, அதில் இருந்த இளைஞர்கள் இங்கிலீஷ் பேசினார்கள். கேப்டன் மேஹ்யூ ஃபோல்ஜர் கரைக்குப் போய்ப் பார்த்தால் சுமார் 35 பேர் இருந்தார்கள். வந்து இறங்கிய ஆண்களில் உயிரோடு இருந்தது ஒரே ஒருவர், ஜான் ஆடம்ஸ். 1790-இல் 9 ஆங்கிலேயர்களும், பசிபிக் தீவுக்காரர்களான 6 பாலினேசிய ஆண்களும் இறங்கியிருந்தார்கள். 18 வருஷத்தில் 14 ஆண்கள் போய்விட்டார்கள், பெரும்பாலும் ஒருவர் கையால் ஒருவர்.

காரணம் தெளிவு. ஆங்கிலேயர்கள் நிலத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்கள், பாலினேசிய ஆண்களுக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்காமல் அடிமை வேலை வாங்கினார்கள். இறந்துபோன மனைவிக்குப் பதிலாக ஒருவன் அவர்களில் ஒருவரின் துணையையே பறித்துக்கொண்டான். 1793-இல் அவர்கள் எழுந்து ஐந்து ஆங்கிலேயர்களைக் கொன்றார்கள், கிறிஸ்டியனும் அதில் ஒருவன் என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பதிலுக்கு அந்த ஆறு பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

உங்களுக்குக் குழப்பம் வந்ததற்கு ஆடம்ஸ்தான் காரணம். 1808-இல் ஒரு விதமாகச் சொன்னார், 1814-இல் இரண்டு ஆங்கிலப் போர்க்கப்பல்கள் வந்தபோது வேறு விதமாக, 1825-இல் கேப்டன் பீச்சி வந்தபோது இன்னொரு விதமாக. அவர் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கலகம் செய்தவனுக்குத் தூக்கு. கேட்பவர் கடற்படை அதிகாரி. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு மனிதன் சொல்வதை எழுதி வைத்தால், எழுதியவர் நேர்மையாக எழுதியிருந்தாலும் சொன்னவர் பயத்தோடு சொன்னது அது.

அதனால்தான் நான் ஜென்னியை விடவே மாட்டேன். மாலுமிகள் அப்படிக் கூப்பிட்ட ஒரு டஹிட்டிப் பெண். பவுண்டியில் வந்தவர், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர், 1817-இல் ஒரு கப்பலில் ஏறி ஊர் திரும்பினார். அவர் சொன்னது 1819-இல் சிட்னி பத்திரிகையில் வந்தது. அவருக்கு மறைக்க ஒன்றுமில்லை, தூக்குக்குப் பயப்படவும் வேண்டியதில்லை. அந்தப் பெண்கள் தீவில் சந்தோஷமாக இருந்தார்கள் என்று எழுதுகிறவர்கள் 1794-இல் நடந்ததையும் எழுத வேண்டும்: தப்பிப்போகப் படகு கட்ட ஆரம்பித்தார்கள், ஜென்னி தன் வீட்டுப் பலகைகளையே பிய்த்துக் கொடுத்தார், கடலில் இறக்கியதும் படகு கவிழ்ந்துவிட்டது. இது எட்வர்ட் யங் என்ற மாலுமியின் நாட்குறிப்பில் இருந்ததை பீச்சி எடுத்து எழுதியதால் நமக்குத் தெரிகிறது. ஒரு பெண் தன் வீட்டையே உடைத்துக் கொடுத்தாள் என்றால், அந்த ஊரில் அவள் எப்படி வாழ்ந்திருப்பாள்?

கே: பவுண்டி கப்பல் ஈரப்பலாவுக்காகத்தான் போனது என்பது உண்மையா? எங்கள் பக்கம் அந்த மரத்தை யாரும் பெரிதாக மதிப்பதில்லை.
– பர்லியார் வாசகர்

ப: உண்மைதான். மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு மலிவாக வயிறு நிரப்ப ஒரு மரம் தேவைப்பட்டது. டஹிட்டியில் 1,015 ஈரப்பலாக் கன்றுகளைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார் கேப்டன் வில்லியம் பிளை. 1789 ஏப்ரல் 28 விடியலில், டோங்காவில் தோஃபுவா எரிமலைத் தீவுக்குப் பக்கத்தில் கலகம். பிளையையும் 18 பேரையும் 23 அடிப் படகில் இறக்கிவிட்டார்கள். கன்றெல்லாம் கடலுக்குப் போயிற்று.

அந்தப் படகுப் பயணத்தைத்தான் நான் சொல்ல ஆசைப்படுகிறேன். படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. தோஃபுவாவில் உணவு தேடி இறங்கியபோது தீவு மக்கள் தாக்கி ஒருவர் இறந்தார். அதற்கப்புறம் ஆஸ்திரேலியக் கரை வரும் வரை எங்கும் இறங்கப் பயந்து நேராக மேற்கே போனார்கள். கையில் இருந்த உலர்ந்த ரொட்டியைப் பங்கிட பிளை இரண்டு தேங்காய்ச் சிரட்டையில் தராசு செய்தார். எடைக்கல் ஒரு துப்பாக்கிக் குண்டு, 25 குண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு. ஒரு வேளைக்கு ஒருவருக்கு ஒரு குண்டு எடை ரொட்டி, நம் கணக்கில் 18 கிராம். கால் பைன்ட் தண்ணீர். நனைந்து கிடந்த ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதிக்கொண்டே வந்தார். 3,618 கடல் மைல் கடந்து ஜூன் 14-இல் தீமோர் தீவின் கூபாங் போய்ச் சேர்ந்தார்கள், கடலில் ஒருவர்கூடச் சாகவில்லை. பிளை நல்ல மேலாளர் இல்லை, வாய் பொல்லாதவர், அதற்கெல்லாம் சாட்சி இருக்கிறது. ஆனால் அந்த நோட்டை எழுதிய மனிதரை நான் மதிக்கிறேன்.

1793-இல் இன்னொரு கப்பலில் கன்றுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தே விட்டார். உங்கள் ஊர்ப் பழப்பண்ணைப் பக்கம் அந்த மரத்தைப் பார்த்தால் கொஞ்சம் நின்று பாருங்கள்.

கே: நீலகிரியும் அணைந்துபோன எரிமலைதான், ஊட்டி ஏரி அதன் வாய் என்கிறார்கள். சரியா?
– கூடலூர்

ப: இல்லை. நம் மலை சார்னோகைட் பாறை. பூமியின் ஆழத்தில் 250 கோடி வருஷத்துக்கு முன்பு உருவாகி அப்புறம் மேலே வந்தது. ஊட்டி ஏரி ஜான் சல்லிவன் காலத்தில் வெட்டிக் கட்டிய ஏரி. பசிபிக் தீவுகள் நம் மலையோடு ஒப்பிட்டால் நேற்று முளைத்தவை.

கே: தீவுகள் தானாக மறைந்துபோகுமா? வரைபடத்தில் இருந்த ஒரு தீவு போய்ப் பார்த்தால் இல்லை என்று செய்தி படித்த ஞாபகம்.
– மஞ்சூர்

ப: இரண்டும் நடக்கும். டோங்காவில் ஃபோனுவாஃபோவு என்று ஒன்று, 1865-இல் ‘ஃபால்கன்’ என்ற கப்பல் அங்கே மேடு இருப்பதாகச் சொன்னது. 1885-இல் எரிமலை வெடித்துத் தீவே எழும்பியது. பின்னால் அலை அரித்துத் தின்றுவிட்டது. 1927-இல் மறுபடி எழும்பியது, மறுபடி கரைந்தது. சாம்பலும் கங்கும் குவிந்து உண்டான மேட்டை, மேலே எரிமலைக் குழம்பு ஓடிக் கெட்டிப்படுத்தாவிட்டால், கடல் விட்டுவைக்காது. ஹுங்கா டோங்கா தீவில் 2015-இல் சேர்ந்த புது நிலம் 2022 ஜனவரி 15 அன்று ஒரே வெடிப்பில் போனதை நம்மில் பலர் டிவியில் பார்த்தோம்.

நீங்கள் படித்தது ‘சாண்டி தீவு’ செய்தியாக இருக்கும். நியூ கலிடோனியா பக்கம் 1876-இல் ஒரு திமிங்கில வேட்டைக் கப்பல் பார்த்ததாகச் சொன்னது, நூறு வருஷத்துக்கு மேல் வரைபடங்களில் இருந்தது. 2012-இல் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் நேரில் போனபோது அங்கே 1,300 மீட்டருக்கும் அதிக ஆழமான கடல்தான் இருந்தது. கடலடி எரிமலை கக்கும் நுரைக்கல் தண்ணீரில் மிதக்கும், கிலோமீட்டர் கணக்கில் விரிந்து தூரத்திலிருந்து மணல்திட்டாகத் தெரியும். அந்த மாலுமிகள் அதைப் பார்த்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லத் தேவையில்லை.

கே: எல்லாத் தீவையும் வெள்ளைக்காரன்தான் கண்டுபிடித்தானா? ஆயிரம் வருஷமாக அங்கே இருந்தவர்கள் யார்?
– அருவங்காடு வாசகர், இன்னும் மூவர்

ப: கோபம் நியாயமானது. பெரும்பாலான தீவுகளுக்கு ஐரோப்பியர் கடைசியில் வந்தவர்கள். பிட்கேர்னில் பவுண்டி ஆட்கள் இறங்கியபோது அங்கே பழைய கற்சிலைகளும் கல்கோடரிகளும் கிடந்தன. யாரோ வாழ்ந்து போயிருந்தார்கள்.

1769-இல் குக்கின் ‘எண்டெவர்’ கப்பலில் துபாயா என்ற பூசாரி ஏறினார், ரயதேயா தீவுக்காரர். தன் மனசில் இருந்த 74 தீவுகளை வைத்து வரைபடம் ஒன்று போடவைத்தார். பிரதி லண்டனில் இருக்கிறது. நியூசிலாந்தில் இறங்கியபோது மாவோரிகளோடு பேச முடிந்தது அவரால்தான். 1770 கடைசியில் படேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) நோய்ப்பட்டு இறந்தார். அவருடைய கல்வி கருவி இல்லாத கல்வி: நட்சத்திரம் எழும் இடம், அலை வரும் திசை, பறவை திரும்பும் நேரம். 1976-இல் மௌ பியாலுக் என்ற மைக்ரோனேசிய மாலுமி ‘ஹோகுலேயா’ என்ற இரட்டைப் படகை ஹவாயிலிருந்து டஹிட்டிக்கு, 4,000 கிலோமீட்டர் தாண்டிய தூரம், திசைகாட்டிகூட இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்துக் காட்டியபோதுதான் பல பேர் வாயை மூடினார்கள்.

ஈஸ்டர் தீவு என்கிற ராப்பா நூயிதான் என்னை மிகவும் வருத்தும் இடம். டச்சுக்காரர் ரோகவீன் 1722 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று பார்த்தார். இறங்கும்போதே அவருடைய ஆட்கள் சுட்டுப் பத்துப் பேருக்கு மேல் விழுந்தார்கள். சிலைகள் களிமண்ணால் ஆனவை என்று எழுதினார், கண்ணால் பார்த்தவர் எழுதியது, ஆனாலும் தப்பு, அவை ரானோ ராராக்கு எரிமலையின் சாம்பல் இறுகிய கல்லில் செதுக்கியவை. 1862-இல் பெருவிலிருந்து வந்த கப்பல்கள் சுமார் 1,500 பேரைப் பிடித்துக்கொண்டு போயின. திரும்பிய சிலரோடு பெரியம்மை வந்தது. 1877-இல் எண்ணியபோது தீவில் 111 பேர். மரப்பலகைகளில் செதுக்கிய ரோங்கோரோங்கோ என்ற தீவின் சொந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த பெரியவர்களும் அதோடு போனார்கள். பலகைகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, படிக்க ஆள் இல்லை. கப்பல்காரர்களின் குறிப்பு முழுசாக இருக்கிறது, தீவுக்காரர்களின் குறிப்பு ஊமையாகிவிட்டது. நாம் ஒரு பக்கத்து வாக்குமூலத்தை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பதை ஒவ்வொரு பக்கத்திலும் நினைவில் வைக்கத்தான் வேண்டும்.

கே: மூலக் குறிப்பேடுகளை நாமே படிக்க முடியுமா? என் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசை.
– ஆசிரியை, வெலிங்டன்

ப: தாராளமாக. குக்கின் எண்டெவர் நாட்குறிப்பும் பிளையின் படகு நோட்டும் ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தில் இருக்கின்றன, பவுண்டியின் லாக் புத்தகம் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் மாநில நூலகத்தில். பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் காலத்துக் கப்பல் நாள் நள்ளிரவில் தொடங்காது, உச்சி வேளையில் தொடங்கும். அதனால் ஒரே தேதியின் கீழ் முதலில் பிற்பகலும் அப்புறம் காலையும் வரும், அந்தப் பிற்பகல் நம் காலண்டரில் முந்தைய நாள். ஆப்பிரிக்கா வழியாகக் கிழக்கே வந்த கப்பலுக்கும் தென் அமெரிக்கா வழியாக மேற்கே வந்த கப்பலுக்கும் ஒரே தீவில் ஒரு நாள் வித்தியாசம் இருக்கும். இரண்டு புத்தகத்தில் இரண்டு தேதி இருந்தால் உடனே ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டக் கூடாது.

கையெழுத்து முதலில் மிரட்டும். எழுத்தை விட்டுவிட்டு எண்களில் ஆரம்பியுங்கள்: காற்றின் திசை, வேகம், உச்சி வேளை அட்சரேகை. பத்து நாளுக்கு உண்டான அட்சரேகையைக் கரும்பலகையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தால் கப்பல் வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். வரைந்ததை இதழ் முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள், போடுகிறோம்.